கிறீனின் மருத்துவ வகுப்பும் மொழிபெயர்ப்புக் கல்வியும்

மொழிபெயர்ப்பு மாணவர்க்கு மொழியியலை முதலிற் கோட்பாடாகக் கற்பித்து, பயிற்சியைப் பின்னர் வைப்பதே வழமை. இவ்வொழுங்கை மாற்றி, பயன்படு நூலொன்றை ஆக்கும் செயற்றிட்டத்தினூடாகவே மொழியியலைக் கற்பித்தல் இயலுமா என்னும் வினாவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணம் விடையொன்றைத் தருகின்றது.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரச உத்தியோகம் நாடிச் செல்ல, கிராம மக்கள் மருத்துவரின்றியே இருந்தனர். ஆகவே 1864 அளவில் அவர் தமிழைப் போதனாமொழியாக்கினார். போதனைக்கு நூல்கள் தேவைப்பட்டன. அவரிடம் பயின்றோரே மொழிபெயர்ப்பாளராயினர். ‘கெமிஸ்தம்’ (1875) என்னும் நூலைச் சப்மன், சுவாமிநாதன் ஆகியோர் தமிழாக்கினர்.

அவர்கள் மொழியியல் கற்றவர்களல்லர். ஆயினும் மொழியியற் சிக்கல்கள் யாவும் அவர்தம் மேசையில் வந்து நின்றன. நூற்பெயர்கள் மூன்றே இதற்குச் சான்றாம். ‘இரண வைத்தியம்’ (1867) வழக்கிலிருந்த இரு சொற்களின் சேர்க்கை. புண்ணைக் குறித்த சொல் சத்திரசிகிச்சைத் துறை முழுமையையும் தாங்கவேண்டியதாயிற்று. இது பொருள் விரிவு. ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) வடமொழிக் கூறுகளால் அமைந்த தொகை. ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லின் கடனாக்கம். எனினும் இறுதியில் ‘அம்’ பெற்றமையால் ‘கெமிஸ்தத்தை’, ‘கெமிஸ்தத்தில்’ எனத் தமிழ் வேற்றுமையை எளிதில் ஏற்றது. ஒலியனியலும் உருபனியலும் இவ்வொரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றன. பின்னாளில் இரசாயனவியல், வேதியியல் என்பன அதன் இடத்தைக் கொண்டது ஏன் என வினவும் மாணவன், சொல்லின் வாழ்வைச் சமூகமே தீர்மானிக்கின்றதென்பதையும் உணர்வான்.

கிறீனின் நோக்கம் மொழியியலன்று, மருத்துவமும் சமயப்பணியுமே. இதனை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அன்றியும், 1873இல் அவர் நாடு திரும்பிய பின்னர் அம்முயற்சி நிலைக்கவில்லை. குடியேற்ற ஆட்சியில் பதவிக்கும் வருவாய்க்கும் வழி ஆங்கிலமாகவே இருந்தது. சிறந்த கலைச்சொற்கள் இருந்தும், அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் இன்மையால் நூல்கள் வழக்கொழிந்தன.

ஆதலின் நாம் பெறும் பாடம் இருபாற்பட்டது. மாணவர் குழுக்களிடம் மருத்துவமனை அறிவுறுத்தலையோ அரச படிவத்தையோ ஒப்படைத்து, ஒவ்வொரு சொற்றெரிவுக்கும் காரணங்கூறச் செய்தால், மொழியியல் தேர்வுக்குரிய மனனமாகாது, கைக்கருவியாகும். ஆனால் அவ்வாக்கம் வகுப்பறையில் மதிப்பெண் பெற்றதோடு முடிதல் கூடாது. அதனைப் படிக்கவேண்டிய மக்களிடம் சென்று, விளங்கிற்றா எனச் சோதிக்கப்படல் வேண்டும். 1987இல் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற்ற நாட்டில், இது கற்பித்தல் முறை பற்றிய வினா மட்டுமன்று. மக்களின் உரிமை பற்றிய வினாவுமாகும்.