ஸ்வால்பார்ட் நிலக்கரி: கண்டதும் கொண்டதும்

நார்வேயின் வடகரைக்கும் வட துருவத்துக்கும் இடையே, 74 முதல் 81 பாகை வரையிலான வட அட்சரேகைகளுக்குள் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் கிடக்கிறது. டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் 1596இல் அதைக் கண்டார். 1610இல் ஜோனஸ் பூல் என்னும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அதன் வடமேற்குக் கடற்கழி ஒன்றில் நிலக்கரி இருப்பதைக் குறித்துவைத்தார். ஆனால் விற்பனைக்கான முதல் கரிச்சுமையை சோரென் சக்காரியாசன் என்ற நார்வே நாட்டுக் கப்பல்காரர் கொண்டுவந்தது 1899இல்தான். நடுவே 289 ஆண்டுகள். கரி இருக்கிறது என்ற செய்தி இத்தனை காலமும் கையில் இருந்தது. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நடந்ததைக் 'கண்டுபிடிப்பு' என்று அழைப்பது பொருந்தாது. அது உரிமை தேடிய வேலை. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

இந்த வரலாற்றுக்கு வழிவகுத்தது அந்நிலத்தின் நிலவியல். லாங்யர்பியன் ஊரில் நின்று பள்ளத்தாக்கின் இருபுறமும் அண்ணாந்து பார்த்தால், தட்டையான தலைகொண்ட மலைகளின் பக்கவாட்டில் பாறைகள் ஏறத்தாழக் கிடைமட்டமாக அடுக்கடுக்காகத் தெரியும். கரிப்படலம் செல்வதும் அவ்வரிசைகளுக்கு இடையில்தான். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், பேலியோசீன் காலத்தில், கடலோரச் சதுப்புகளில் சேர்ந்த தாவரப் பொருள் அது. பின்னர் மேலே படிந்த வண்டலின் கனத்தால் இறுகிக் கரியானது. நிலம் உயர்ந்து, பனியாறுகள் பள்ளத்தாக்குகளை அறுத்தபோது மலைச்சரிவில் வெளிப்பட்டது. எனவே செங்குத்துக் குழி தோண்டத் தேவையில்லை. சரிவில் ஏறி, படலத்தை ஒட்டிப் பக்கவாட்டில் குடைந்தால் போதும். நிலமோ நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம்வரை உறைந்தது. நீர் கசிந்து சுரங்கத்தை நிரப்பும் தொல்லையும் பெரிதாக இல்லை.

லாங்யர் பனியாற்றின் ஓரத்தில் குவிந்துள்ள கல்மேட்டில் ஒரு தகட்டுக் கல்லைப் பிளந்தால், நரம்பு நரம்பாகத் தெளிந்த இலைப் பதிவுகள் கிடைக்கும். இன்று ஒரு மரம்கூட இல்லாத நிலத்தில், உள்ளங்கை அகல இலைகள்! நோர்டென்ஷெல்ட் முதலான ஸ்வீடன் நாட்டு ஆய்வுப் பயணிகள் சேகரித்த இத்தகைய புதைபடிவங்களை சூரிச் நகரில் இருந்தபடியே ஆராய்ந்தவர் ஓஸ்வால்ட் ஹேர். ஆர்க்டிக்கை அவர் நேரில் பார்த்ததே இல்லை. துருவப் பகுதி ஒருகாலத்தில் காடாக இருந்தது என்பதை அவர் சரியாகவே சொன்னார். அக்காடு மயோசீன் காலத்தது என்று கணித்ததுதான் பிழை. உண்மையில் அது அதைவிடப் பல கோடி ஆண்டுகள் பழையது. அத்தீவுக்கூட்டத்தின் பிரமிடன் என்ற சுரங்க ஊருக்கு அருகே சுமார் 38 கோடி ஆண்டு பழமையான டெவோனியன் காட்டின் அடிமரங்களும் கிடைத்துள்ளன. அவை வளர்ந்தபோது இந்நிலம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருந்தது. ஒரே தீவுக்கூட்டத்தில் டெவோனியன் முதல் பேலியோசீன் வரை பல காலங்களின் கரி. நிலத்தட்டுகள் வடக்கே நகர்ந்த கதைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி குறைவு.

ஆனால் இந்த அறிவு சுரங்கக்காரர்களை வழிநடத்தவில்லை. அமெரிக்கரான ஜான் மன்ரோ லாங்யர் 1901இல் அங்கு வந்தது சுற்றுலாப் பயணியாக. அவரும் அவருடைய தொழில் கூட்டாளியும் 1906இல் ஆர்க்டிக் கோல் கம்பெனியைத் தொடங்கினார்கள். அப்போது அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நிலம். பதிவு அலுவலகமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. தம் பெயர் எழுதிய பலகையை நட்டவர் உரிமை கோரினார். 1912இல் ரஷ்ய நிலவியலாளர் விளாதிமிர் ருசானோவும் உரிமைக் கம்பங்களை நட்டார். அதன்பின் கிழக்கே சென்ற அவருடைய கப்பல் திரும்பவில்லை. இங்கே படலத்தின் பருமனை அளப்பதைவிடப் பலகையின் இடமே முக்கியமாயிற்று. நிலவியல் அறிவையும் உரிமைக் கோரிக்கையையும் ஒரே கையில் சேர்த்தவர் நார்வேயின் அடோல்ஃப் ஹோல். 1916இல் அமெரிக்கச் சுரங்கம் ஸ்டோரே நோர்ஸ்கே என்ற நார்வே நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1920 பிப்ரவரி 9இல் பாரிஸில் ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1925இல் நார்வேயின் இறையாண்மை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் சுரங்கச் சட்டம், கனிமம் காணப்பட்ட இடத்தையே உரிமைக்கு அடிப்படையாக்கியது. கண்டதே கொண்டதாகும் என்ற பழைய பலகை வழக்கம் இப்படிச் சட்டமாயிற்று.

கைக்கு எட்டுவதை முதலில் எடுப்பது எந்தத் தொழிலுக்கும் இயல்புதானே என்று இதை மறுக்கலாம். லாங்யர்பியனைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. ஆனால் ஸ்வேயா என்ற சுரங்க ஊர் அதற்கு மாறாக நிற்கிறது. ஸ்வீடன்காரர்கள் 1917இல் அங்கு சுரங்கம் வைத்தார்கள். 1934இல் அது ஸ்டோரே நோர்ஸ்கேயிடம் வந்தது. எனினும், மலைக்கும் பனியாற்றுக்கும் அடியில் கிடந்த ஸ்வேயா நூர் என்னும் தடித்த படலத்தில் முழு உற்பத்தி தொடங்கியது 2001இல்தான். சரிவில் தெரிந்த விளிம்பைப் பார்த்து அதன் உட்பரப்பை யாராலும் கணிக்க முடியவில்லை. மேலிருந்து துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளே அதைக் காட்டின. உண்மையான தேடல் என்று நான் மதிப்பது இதைத்தான். அது, பலகை நடும் காலம் முடிந்து வெகுநாள் கழித்தே பலன் தந்தது.

இந்தத் தாமதத்தையும் அவசரத்தையும் மனித உயிர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1920 ஜனவரியில் லாங்யர்பியனின் முதலாம் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 26 பேர் மாண்டார்கள். 1962 நவம்பர் 5இல் நூ-ஓலசுன் என்ற மற்றொரு சுரங்க ஊரின் வெடிப்பில் 21 பேர். அதன் எதிரொலியில் மறு ஆண்டு நார்வே அரசே கவிழ்ந்தது. அங்கே சுரங்கத் தொழில் அத்துடன் முடிந்தது.

மூடப்பட்ட ஸ்வேயாவின் பெரும்பாலான கட்டடங்கள் அகற்றப்பட்டு, நிலம் இயன்றவரை பழைய வடிவுக்குத் திருப்பப்பட்டுள்ளது. லாங்யர்பியனின் மின்நிலையம் 2023இல் கரியை விட்டது. நார்வேயின் கடைசிச் சுரங்கமான ஏழாம் சுரங்கம் 2025 ஜூன் 30இல் மூடப்பட்டது. நார்வேச் சுரங்க முகப்பில் நின்று படலத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அத்துடன் போய்விட்டது. அச்சுரங்கங்களின் உட்பகுதியைப் பற்றி இனி ஆய்வாளருக்கு மிஞ்சுவன துளைத் தண்டுகளும் சுரங்க வரைபடங்களுமே. அவற்றைப் பேணி, எந்நாட்டு ஆய்வாளருக்கும் திறந்துவைக்க வேண்டும்.