குணம் தெரிந்ததும் மருந்தை நிறுத்தலாமா? வரலாறு தரும் பாடம்

குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் நம் குடும்பங்களில் இருவகைப் பேச்சு எழுவதைக் காண்கிறோம். 'எல்லாம் இறைவன் விதித்தது. பிள்ளையை ஏன் ஊசியால் வதைக்க வேண்டும்?' என்பது ஒன்று. சில வாரங்களில் காய்ச்சல் தணிந்து, இரத்தப் பரிசோதனையும் சீராக வந்ததும், 'அல்ஹம்துலில்லாஹ், குணமாகிவிட்டது. இனி மருந்து எதற்கு?' என்பது மற்றொன்று. முதல் பேச்சுக்கு மார்க்கமே விடை தந்துவிட்டது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டிச் சென்றார்கள். இரண்டாவது பேச்சுக்கான விடை, அந்த மருந்துகள் உருவான வரலாற்றில் இருக்கிறது.

1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் உழைத்த கர்ப்பிணிப் பெண்களைக் கடும் இரத்தசோகை வாட்டிக்கொண்டிருந்தது. ஏழை முஸ்லிம் பெண்களிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. அவர்களுடைய உணவை ஆராய்ந்த அவர், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்நோய் தீர்வதைக் கண்டறிந்தார். அச்சாற்றில் இருந்த சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் 1923-இல் அமெரிக்கா சென்றார். 1940-களின் நடுவில், லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது.

அக்காலத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் வல்லுநராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அவர் ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, முன்னிலும் விரைந்து பெருகுவதாகவே அவருக்குத் தோன்றியது. அந்தத் தோல்வியே வழிகாட்டியது. புற்றணுக்கள் பெருகுவதற்கு இச்சத்து தேவையென்றால், அதைத் தடுத்தால் என்ன? நோயாளியின் படுக்கையருகே எழுந்த அக்கேள்வி ஆய்வகத்துக்குத் திரும்பிச் சென்றது. ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் மருந்து லெடர்லி ஆய்வகத்திலிருந்து வந்தது.

1948 ஜூன் மாதம் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். அம்மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் மீண்டும் வந்தது. சுப்பாராவும் அதே ஆண்டில் காலமானார்.

நோய் ஏன் திரும்பியது? இரத்தம் தூய்மையாகத் தெரியும் வேளையிலும், கண்ணுக்கும் சோதனைக்கும் அகப்படாத கோடிக்கணக்கான புற்றணுக்கள் எலும்பு மஜ்ஜையில் எஞ்சியிருக்கக்கூடும். மருந்து எளிதில் எட்டாத மூளையிலும் தண்டுவடத்திலும் அவை ஒளிந்துகொள்ளும். இதை உணர்ந்த மருத்துவர்கள் 1960-களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மெம்ஃபிஸ் நகரத்துச் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல் குழுவினர் மூளையையும் தண்டுவடத்தையும் காக்கும் சிகிச்சையைச் சேர்த்து, மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் குணமடையும் நிலை வந்தது. இன்று வசதி மிக்க நாடுகளில் 10 பேரில் 9 பேர் வரை பிழைக்கிறார்கள். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் அச்சிகிச்சையில் இடம்பெறுகிறது.

ஆகவே, பிள்ளை ஓடியாடும்போதும் மருத்துவர் மாத்திரை எழுதித் தருவது வீண் செலவன்று. இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும் அச்சிகிச்சைக்குப் பின்னால், 1948-இல் நோய் திரும்பிய அக்குழந்தைகள் கற்பித்த பாடம் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்புச் சாட்டுதல் தவக்குல் என்று அறிந்த நாம், கயிற்றைப் பாதியில் அவிழ்த்துவிடலாகாது.

மருந்தை நிறுத்தும் பெற்றோர் எல்லாரும் அறியாமையால் நிறுத்துவதில்லை. பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் பலரை நிறுத்தச் செய்கின்றன. நம் மஹல்லாவில் அத்தகைய குடும்பம் இருந்தால், நோயுற்ற முதல் வாரத்தில் நலம் விசாரித்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. இரண்டாம் ஆண்டிலும் அவர்களுடைய கதவைத் தட்டி, நம் ஜகாத்தாலும் ஸதகாவாலும் சிகிச்சை நின்றுவிடாமல் காப்போமாக. எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.