கடாரமும் மாட்டெறிதலும்

குறுக்கு நோக்கீடு என்பது மேனாட்டு ஆய்வுமுறையோடு வந்து சேர்ந்த பழக்கம் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஓரிடத்துக் கூறியதைப் பிறிதோரிடத்துக்கும் பொருந்தச் செலுத்தும் முறையை நன்னூல் 32 உத்திகளுள் ஒன்றாக வைத்து, 'மாட்டெறிந்து ஒழுகல்' எனப் பெயரிட்டுள்ளது. இம்முறையின் பயனைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் கெடாவின் பழம்பெயரே போதும்.

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'கடாரம்' என்கிறது. அது எங்குள்ளது எனச் சொல்வதில்லை. அச்சொல்லை மட்டும் பற்றிக்கொண்ட தொடக்கக் கால ஆய்வாளர் சிலர் பர்மாவில் அதைத் தேடினர். வழிகாட்டியது ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஊர் ஈந்ததைக் கூறும் அச்செப்பேடு, நெடுங்காலம் லெய்டனில் இருந்தது. அதன் தமிழ்ப்பகுதி 'கடாரத்தரையன்' என்ற மன்னனையே வடமொழிப்பகுதி ஸ்ரீவிசயத்துக்கும் கடாகத்துக்கும் உரியவன் என்கிறது. ஓர் ஆவணத்தின் இரு பகுதிகள் ஒன்றையொன்று சுட்டின. கடாரமும் கடாகமும் ஒன்றாயின. 1918இல் பிரெஞ்சு அறிஞர் செதேசு, இச்செப்பேட்டையும் சீனக் குறிப்புகளையும் பொருத்தி, ஸ்ரீவிசயம் ஒரு நாட்டின் பெயரென நிறுவினார். பட்டினப்பாலையின் 'காழகம்' என்ற சொல்லுக்கு நச்சினார்க்கினியர் 'கடாரம்' என உரை எழுதியதும் மாட்டெறிதலே. எனினும் உரையாசிரியர் நூலுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர் என்பதை நாம் மறத்தலாகாது. அரபு நூல்களின் 'கலா' இதுதானா என்பதில் அறிஞர் இன்னும் ஒருமிக்கவில்லை.

ஆதலின், பீடோங்கிலோ சுங்கை பட்டாணியிலோ பயிலும் மாணவர் 'கடாரம் கெடாவே' என்று எழுதினால், எந்தச் செப்பேடு, எந்தப் பகுதி, எந்த ஆட்சியாண்டு என்று ஆசிரியர் கேட்டல் வேண்டும்.

சுட்டும் குறிப்பு மட்டும் போதாது; சுட்டப்படும் பொருளும் நிலைத்திருத்தல் வேண்டும். 1930களில் பூஜாங் பள்ளத்தாக்கை அகழ்ந்த குவாரிச் வேல்ஸ், தாம் கண்ட இடங்களுக்கு எண்ணிட்டுப் பதிவு செய்தார். பின்வந்தோர் அனைவரும் அவ்வெண்களையே சுட்டினர். அவற்றுள் 11ஆம் எண்ணுக்குரிய கோயிலடித்தளம் சுங்கை பத்து தோட்ட நிலத்தில் இருந்தது. நம்மவர் பால்மரம் வெட்டிய வட்டாரம் அது. 2013இல் வீடமைப்புப் பணிக்காக நிலம் சமன்படுத்தப்பட்டபோது அவ்வடித்தளம் இடிக்கப்பட்டது. செய்தி வெளியானபின்னரே நாட்டில் பலர் அவ்வெண்ணை அறிந்தனர். வேல்ஸின் அறிக்கையில் 11ஆம் எண் இன்னும் உள்ளது; அதைப் பின்பற்றிச் செல்வோர் காண அங்கே கல் இல்லை.