கோஸ் எதிர் லோபெஸ்

கோஸ் எதிர் லோபெஸ் என்பது, பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படும் மாணவருக்குத் தன் தரப்பைக் கூறும் உரிமை உண்டு என ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975, சனவரி 22 அன்று தீர்ப்பளித்த வழக்கு ஆகும்.

பின்னணி

1971 இல் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரப் பள்ளிகளில் மாணவர் கிளர்ச்சிகள் நிகழ்ந்தன. அப்போதைய மாநிலச் சட்டப்படி, தலைமையாசிரியர் ஒரு மாணவரை விசாரணையின்றிப் பத்து நாட்கள் வரை இடைநீக்கம் செய்யலாம். 24 மணி நேரத்துக்குள் பெற்றோருக்குக் காரணத்தை அறிவித்தால் போதும். உணவுக்கூடத்தில் பொருட்கள் சேதமாக்கப்பட்டதற்காக இடைநீக்கப்பட்ட டுவைட் லோபெஸ், தான் அதில் பங்குபெறவில்லை, அருகில் நின்றதே உண்மை என்று சாட்சியமளித்தார். அன்று அவரது பள்ளியில் மேலும் 75 மாணவர்களாவது இடைநீக்கப்பட்டனர் என்றும் கூறினார். அவர் உட்பட ஒன்பது மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். கோஸ் என்பவர் அந்நகரப் பள்ளி நிர்வாக அலுவலர்.

தீர்ப்பு

ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அமைந்த தீர்ப்பை நீதிபதி பைரன் ஒயிட் எழுதினார். குற்றச்சாட்டை வாய்மொழியாகவோ எழுத்திலோ தெரிவிக்க வேண்டும். மாணவர் மறுத்தால் சான்றுகளை விளக்கி, அவர் கூறுவதைக் கேட்க வேண்டும். கோரப்பட்டது உண்மையில் மிகச் சிறிதே: சம்பவம் நடந்த சில நிமிடங்களில் நிகழும் ஓர் உரையாடலே போதுமானது. வழக்கறிஞர் தேவையில்லை. ஆபத்து விளைவிப்பவரை உடனே வெளியேற்றிவிட்டுப் பின்னர் விசாரிக்கலாம். இதுவும் பள்ளி நிர்வாகத்தில் நீதிமன்றத்தின் தலையீடே என நீதிபதி லூயிஸ் பவெல் மாறுபட்டார்.

1977 இல் இங்கிரகாம் எதிர் ரைட் வழக்கில், உடல் தண்டனைக்கு முன் இத்தகைய விசாரணை தேவையில்லை என அதே நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பை எழுதியவர் பவெல்.