வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிப் படைகள் (இரண்டாம் உலகப் போர், பிரித்தானிய இந்தியாவும் இலங்கையும்)

வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிப் படைகள் என்பன எதிரி வானூர்திகளைத் தரையிலிருந்து சுட்டு வீழ்த்துவதற்கோ, அவை குறி தவறிக் குண்டு வீசும்படி செய்வதற்கோ அமைக்கப்பட்ட படைப்பிரிவுகள் ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த இப்படைகளின் அமைப்பு, கருவிகள், அவற்றை ஆராயும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு படைப்பிரிவின் பெயரையோ ஏட்டில் காணப்படும் பீரங்கி எண்ணிக்கையையோ மட்டும் கொண்டு அதன் உண்மையான வலிமையை அறிய இயலாது.

தோற்றம்

பிரித்தானிய இந்தியப் படையில் பீரங்கிகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தன. இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிவு 1935 ஜனவரியில் பெங்களூரில் தொடங்கப்பட்டது. வானூர்தி எதிர்ப்புப் பிரிவுகளுக்கான பயிற்சி 1940 செப்டம்பரில் பம்பாயின் கொலாபாவில் தொடங்கியது. 1941 ஜனவரியில் பயிற்சி நிலையம் கராச்சிக்கு மாற்றப்பட்டது. ஆகவே 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியபோது இந்தியாவின் வானூர்தி எதிர்ப்புப் படை தொடங்கி ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்தது.

அமைப்பு

இந்தியப் பிரிவுகள் பிரித்தானிய முறையைப் பின்பற்றின. அடிப்படை நிருவாக அலகு ரெஜிமென்ட் ஆகும். அது பேட்டரிகளாகவும், பேட்டரி ட்ரூப்புகளாகவும் பிரிக்கப்பட்டது.

கனரக ரெஜிமென்ட்: பொதுவாக 3 பேட்டரிகள். ஒவ்வொன்றிலும் 8 பீரங்கிகள், மொத்தம் 24. நான்கு பீரங்கிகள் கொண்ட ட்ரூப் ஒரே இடத்திலிருந்து சுட்டது.

இலகு ரெஜிமென்ட்: பொதுவாக 3 பேட்டரிகள். ஒவ்வொன்றிலும் 18 பீரங்கிகள் வரை, மொத்தம் 54. இவை பாலங்கள், வானூர்தித் தளங்கள், துறைமுகங்கள் ஆகியவற்றைச் சுற்றித் தனித்தனியே நிறுத்தப்பட்டன.

இவை அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைகள் மட்டுமே. போரின் தொடக்க ஆண்டுகளில் பல பிரிவுகள் இவற்றை எட்டவில்லை. பெயர்களும் மாறின. பிரித்தானியப் பீரங்கிப் படையில் 1938 வரை "பிரிகேட்" எனப்பட்ட அலகே பின்னர் "ரெஜிமென்ட்" ஆனது. வானூர்தி எதிர்ப்புப் பிரிவுகளின் பெயரில் "கனரக", "இலகு" என்னும் அடைமொழிகள் 1940 கோடையில் சேர்க்கப்பட்டன.

கருவிகள்

3 அங்குலப் பீரங்கி: முதல் உலகப் போர்க் காலத்தது. புதியவை கிடைக்கும் வரை பயன்பட்டது.

3.7 அங்குலப் பீரங்கி: 94 மி.மீ. விட்டமுடையது. குண்டின் எடை 28 பவுண்டு (சுமார் 12.7 கி.கி.). கனரகப் பிரிவுகளின் முதன்மைக் கருவி.

போஃபர்ஸ் 40 மி.மீ.: சுவீடன் நாட்டு வடிவமைப்பு. குண்டின் எடை சுமார் 0.9 கி.கி. நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 குண்டுகள் சுடும் வேகமுடையது. தாழப் பறக்கும் வானூர்திகளுக்கு எதிரானது.

பீரங்கி மட்டும் போதாது. மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் பறக்கும் வானூர்தி, குண்டு மேலே சென்றடையும் 10 நொடிகளில் 1 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். எனவே வானூர்தி இருக்கும் இடத்தை அன்றி, அது இருக்கப்போகும் இடத்தைக் குறிபார்க்க வேண்டும். இதனைக் கணக்கிட முன்கணிப்புக் கருவியும், உயரமானியும் பயன்பட்டன. இரவில் தேடொளி விளக்குகளும், பின்னர் ரேடாரும் உதவின. இவை இல்லாத பேட்டரியின் சூடு பெரும்பாலும் வானத்தில் தடுப்பு வேலி போடுவதாகவே முடிந்தது.

இலங்கை, 1942

போர் தொடங்கியபோது இலங்கையில் திருகோணமலையில் இருந்த நான்கு பழைய 3 அங்குலப் பீரங்கிகளே வானூர்தி எதிர்ப்புக்கு இருந்தன. 1942 ஏப்ரல் தொடக்கத்தில் தீவில் 144 பீரங்கிகள் சேர்ந்திருந்தன. ஏப்ரல் 4 அன்று கனடிய வானோடி லெனார்ட் பிர்ச்சால் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். எனினும் மறுநாள் காலை கொழும்பை நோக்கி வந்த வானூர்திகளை ரேடார் கண்டறிந்து முன்னறிவிக்கவில்லை. துறைமுகத்தில் டெனிடோஸ், ஹெக்டர் என்னும் கப்பல்கள் மூழ்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. பீரங்கிகளின் எண்ணிக்கை உயர்ந்தும், எச்சரிக்கை முறை அதற்கு ஈடாக வளரவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

சென்னை மாகாணம்

1942 ஏப்ரல் 6 அன்று சென்னை மாகாணத்தின் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானிய வானூர்திகளின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. படையெடுப்பு நிகழும் என்ற அச்சத்தால் சென்னை நகர மக்களில் பெரும் பகுதியினர் உள்மாவட்டங்களுக்குச் சென்றனர். அரசு அலுவலகங்கள் பல இடம் மாற்றப்பட்டன. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. எதிர்பார்த்த படையெடுப்பு நிகழவில்லை. 1943 அக்டோபரில் ஒரேயொரு ஜப்பானிய வானூர்தி சென்னையின் மீது குண்டு வீசியது.

ஆய்வு மூலங்கள்

ஒரு படைப்பிரிவை ஆராய்வோர் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்: அதன் பெயர் குறிப்பிட்ட நாளில் என்ன? அதற்கு அனுமதிக்கப்பட்டது எவ்வளவு? உண்மையில் கையில் இருந்தது எவ்வளவு?

கடைசிக் கேள்விக்குச் சிறந்த விடை தருவன, ஒவ்வொரு பிரிவும் நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்புகள் ஆகும். தென்கிழக்காசியப் போர்முனைக்கு உரியவை இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்னும் வரிசையில் உள்ளன. புது தில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம், பிசேசுவர் பிரசாத் பதிப்பித்த இந்தியப் படைகளின் அதிகாரமுறை வரலாறு ஆகியனவும் பயன்படும்.

போரில் இறந்தவரைத் தேடுவோருக்குப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு உதவும். சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறையும் இவ்வாணையத்தின் பராமரிப்பில் உள்ளது. கல்லறைப் பதிவுகளில் வீரரின் பெயருடன் படைப்பிரிவும் குறிக்கப்படுவதால், குடும்பத்தினர் அதனைக் கொண்டு உரிய நாட்குறிப்பைத் தேடலாம்.

பிற்காலம்

விடுதலைக்குப் பின்னர் இப்படைகள் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பிரிக்கப்பட்டன. இந்தியாவில் இவை பீரங்கிப் படையின் ஒரு கிளையாக இருந்து, 1994-இல் தனிப்படையாயின. இன்று இது இராணுவ வான் பாதுகாப்புப் படை எனப்படுகிறது. போஃபர்ஸ் குடும்பத்தின் எல்-70 வகைப் பீரங்கிகள், புதுப்பிக்கப்பட்ட நிலையில், 2025 மே மாதத்தில் ஆளில்லா வானூர்திகளுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டன.