பத்து இராகங்களும் மூன்று பொறிகளும்

இராசிபுரத்தை அடுத்த நாமகிரிப்பேட்டைக்குப் பெயர் தேடித் தந்தது மஞ்சள் மட்டுமன்று, நாதஸ்வரமும் ஆகும். 1981-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அவர்களை அறியாத இசையன்பர் தமிழகத்தில் இலர். அவருக்கு முன்பே, 1977-இல், அதே கருவிக்காக அதே விருதைப் பெற்றவர் ஷேக் சின்ன மௌலானா சாஹிப் என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மூச்சால் வளர்ந்த கல்யாணியையும் மோகனத்தையும் கேட்டுப் பழகிய செவிக்கு, இராகத்தை மின்பொறி இசைக்கிறது என்றால் முகஞ்சுளிக்கத்தான் தோன்றும். ஆயினும் அப்படியொரு முயற்சியின் வரலாறு அறியத்தக்கது.

1982-இல், இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பார் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தாரின் மூன்று கருவிகளே அவருடைய கச்சேரிக் குழு: ஜூபிடர்-8 என்னும் விசைப்பலகை, டி.ஆர்.-808 என்னும் தாளப்பொறி, டி.பி.-303 என்னும் சிறு பெட்டி. யமன், பூபாளி, மால்கௌன்ஸ் முதலான பத்து இராகங்கள். நம் வழக்கில் சொன்னால் கல்யாணி, மோகனம், இந்தோளம் ஆகியவற்றின் உறவினர்.

மூன்றிலும் அந்தச் சிறு பெட்டிதான் விந்தையானது. தனியே கிதார் பயில்வோருக்குக் கீழ்ச்சுரத் துணையாக இருக்கவே அதனைச் செய்தார்கள். மனிதர் வாசிப்பதுபோல் அது ஒலிக்கவில்லை, எனவே விலைபோகவில்லை, 1984-இல் உற்பத்தியே நின்றது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் இருந்தது. சுரங்களை ஒட்டி இழைப்பதே உயிராகக் கொண்ட நம் இசைக்கு அது பொருந்தியதில் வியப்பென்ன? இருந்தும், அந்த இசைத்தட்டைக் கேட்பார் இல்லை.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் கறுப்பின இளைஞர்கள் அதே பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கித் திருகிப் பார்த்தார்கள். 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' வெளிவந்தது. அதிலிருந்து ஒரு புதிய நடன இசையே கிளைத்தது. 2002-இல் எடோ பூமன் என்ற டச்சு நாட்டுச் சேகரிப்பாளர் டில்லியில் சிங்கின் தட்டைக் கண்டெடுத்தார். 2010-இல் மறுவெளியீடு செய்தார். ஐந்தாண்டு முன்னரே இப்படியோர் ஒலியா என்று மேல்நாட்டார் திகைத்தனர். இது மோசடி என்று ஐயுற்றோரும் உண்டு. எழுபதைக் கடந்த சிங் ஐரோப்பிய மேடைகளில் ஏறி அந்த இராகங்களை மீண்டும் வாசித்தார். 2015-இல் காலமானார்.

அந்த நடன இசையைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அஃது மிகை. சிகாகோ இளைஞர் அவரைக் கேட்டு வாசித்தவர் அல்லர். ஒரே பொறி ஈரிடத்தில் ஒரே குரலைத் தந்தது, அவ்வளவே. அவர் பெருமைக்கு இராகமே போதும்.

பொறிக்கு இசையை எழுதிவைக்கும் எண்ணமும் நேற்றையதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலே, அப்பாஸியர் ஆட்சியில், பக்தாதின் பனூ மூஸா சகோதரர் மூவர் 'தானே இசைக்கும் கருவி' பற்றி நூல் வரைந்தனர். நீரின் விசையால் உருளை சுழலும். அதில் பதித்த முளைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். முளை வைத்த இடமே பண்ணை வகுக்கும். இன்றைய மின்பொறியில் முளைக்குப் பதில் மின்துடிப்பு!

நம் நாட்டுக்கு இக்கருவி சிங்கோடு வந்ததும் அன்று. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் மூக் என்னும் ஒலியாக்கப் பொறியை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர் அதில் உருவாக்கிய இசை, நாடாக்களில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உறங்கியது. பால் பர்கஸ் என்ற இங்கிலாந்துக் கலைஞர் அவற்றைத் தேடியெடுத்தார். 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தன. இங்கும் கண்டெடுத்தவர் கடல்கடந்து வந்தவரே என்பது நெஞ்சை உறுத்துகிறது.

சிங் மறைந்த அதே 2015-இல்தான் நாகூர் ஹனீபா அவர்களும் மறைந்தார்கள். அந்தக் குரல் பதிந்த ஒலிநாடாக்கள் இன்னும் நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. நாடாவின் காந்தப் பூச்சு ஈரத்தில் உதிரும். சுழற்றிக் கேட்கும் கருவியும் அருகி வருகிறது.