உறுமலுக்கு ஒரு பரம்பரை

டெத் மெட்டல் என்று பெயர் பெற்ற சங்கீதத்தை முதன்முறையாகக் கேட்கிறவர் காதைப் பொத்திக்கொண்டால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரிலும், சற்றே பின்னர் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க் நகரங்களிலும் வேர்பிடித்து வளர்ந்த இந்த முறையில், கிதார்களின் சுருதி வழக்கத்துக்கும் கீழே இறக்கப்பட்டிருக்கும். டிரம்கள் மூச்சுவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். பாடகரோ அடித்தொண்டையிலிருந்து உறுமுவார். மரணமும் யுத்தமும் அழிவுமே சாகித்தியத்தின் விஷயங்கள். அந்த உறுமல் ஆண்களுக்கே உரியது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க வேண்டிய அவசியமே நேராதபடி எல்லோரும் அப்படி நம்பியிருந்தார்கள்.

நம்பிக்கைக்கு விரோதமான திருஷ்டாந்தங்கள் அப்போதே இருந்தன. ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஹோலி மோசஸ் குழுவில் சபீனா கிளாசன் 1980களிலேயே, த்ராஷ் என்னும் அண்டை முறையில், கடூரமான குரலில் பாடிவந்தார். ஆயினும் விதிவிலக்கு விதிவிலக்காகவே நின்றது. அது ஒரு பரம்பரையாக மாறிய கதைதான் ஆர்ச் எனிமி குழுவின் கதை.

ஸ்வீடனின் தென்மேற்குக் கரையோரத்து ஹால்ம்ஸ்டாட் ஊரில், 1990களின் நடுவில், மைக்கேல் ஆமாட் என்ற கிதார் வித்வான் இக்குழுவை ஸ்தாபித்தார். கார்கஸ் என்னும் பிரிட்டிஷ் குழுவில் சேர்ந்து 1993ல் வெளியான ‘ஹார்ட்வொர்க்’ இசைத்தட்டில் வாசித்துப் பெயர் பெற்றிருந்த அவர், தம்பி கிறிஸ்டஃபரையும் கூட்டிக்கொண்டு, உறுமலின் முரட்டுத்தனத்தோடு இரட்டைக் கிதார்களின் இனிமையான இழைகளைப் பின்னிவிட ஆசைப்பட்டார். யோஹான் லீவா பாட, 1996, 1998, 1999ஆம் ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வந்தன. ஜப்பானிய ரசிகர்கள் இக்குழுவை ஆரம்பத்திலேயே சுவீகரித்துக்கொண்டார்கள்.

2000ஆம் ஆண்டு லீவா விலக்கப்பட்டபோது, அவருடைய ஸ்தானத்துக்கு வந்தவர் கொலோன் நகரத்து ஆங்கெலா கொசோ. சங்கீதப் பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், முன்பொரு சமயம் ஆமாட் சகோதரர்களில் ஒருவரைப் பேட்டி காணப் போனபோது, தாம் பாடியதன் பதிவு ஒன்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கேள்வி கேட்கப் போனவர் குழுவுக்கே குரலாகிவிட்டார்! ‘வேஜஸ் ஆஃப் சின்’ இசைத்தட்டு முதலில் ஜப்பானில் 2001ல் வெளியாயிற்று. பிற தேசங்களுக்கு மறு ஆண்டுதான் கிடைத்தது. குழுவின் படத்தைப் பாராமல் கேட்டவர்களுக்கு அது ஒரு பெண்ணின் குரல் என்று ஊகிக்க வழியில்லை.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. பேசும்போதும் பாடும்போதும் ஆண் குரலையும் பெண் குரலையும் நாம் பெரும்பாலும் ஸ்தாயியைக் கொண்டே பிரித்தறிகிறோம். உறுமலிலோ, குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலி நாண்களும் சேர்ந்து அதிர்வதால், சுருதி என்று சுட்டிக்காட்டத்தக்கது கரகரப்பில் கரைந்துவிடுகிறது; எஞ்சுவது மூச்சின் பலமும் அதை ஆளும் சாதகமுமே. சாதகமில்லாமல் வெறும் தொண்டையை நெரித்துக் கத்துகிறவருக்குத் தண்டனை நிச்சயம். கொசோவே குரல்நாண்களில் முடிச்சு விழுந்து அவதிப்பட்டு, மூச்சை வயிற்றிலிருந்து எழுப்பும் முறையைக் கற்றுத் தேறியவர். நியூயார்க்கின் குரல் ஆசிரியை மெலிஸா கிராஸ் 2005ல் கத்துவதற்கான பயிற்சிப் படம் ஒன்றையே வெளியிட்டார். கத்துவதற்கும் குருமுகமாகப் பாடம் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்?

2003, 2005, 2007 என்று இசைத்தட்டுகள் தொடர்ந்தன, கீர்த்தியும் பெருகிற்று. 2009ல் லீவா காலத்துப் பாட்டுகளைக் கொசோவின் குரலில் மறுபதிவு செய்து வெளியிட்டதுதான் எனக்கு உவப்பாக இல்லை. பதிவு துல்லியமாகியிருக்கிறது, குரல் வன்மை பெற்றிருக்கிறது. ஆனாலும் பழைய பதிவில் லீவாவின் கரடுமுரடான தொனியில் ஒளிந்திருந்த ஒரு துக்கம் இதிலே காணோம். முன்னவரின் கையெழுத்தை அழித்துவிட்டு மேலே எழுதுவதைப் போன்ற காரியம் அது.

2014 மார்ச் மாதத்தில், குழு கீர்த்தியின் நடுவே இருக்கையிலேயே, கொசோ மேடையை விட்டு இறங்கி, நிர்வாகப் பொறுப்பை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து அலிஸா வைட்-க்ளஸ் அவருக்குப் பதிலாக வந்தார். அவ்வாண்டே ‘வார் எடர்னல்’ வெளியாயிற்று. முன்னவர் கணக்கையும் ஒப்பந்தங்களையும் பார்த்துக்கொள்ள, பின்னவர் மேடையில் உறுமினார். 2001ல் பெண்ணா என்று வியந்த கூட்டத்துக்கு, இப்போது பெண்ணாயிருப்பதில் விசேஷம் ஒன்றும் தோன்றவில்லை. முன்னவருக்கு இவர் ஈடாவாரா என்பதே விவாதமாயிற்று. விசேஷம் வேறொரு மூலையிலிருந்து வந்தது: 2017ல் வெளியான ‘வில் டு பவர்’ இசைத்தட்டின் ஒரு பாட்டில் அலிஸா உறுமலுக்கு நடுவே தெளிந்த, இனிய குரலிலும் பாடினார், அதைக் கேட்டு, “இந்தக் குழுவிலா இப்படி?” என்று ரசிகர்களின் புருவம் உயர்ந்தது.